பேனா டூல் கையில... ஊசி நூல் மனசுல!



"எனக்குப் படமே வரைய வராதுப்பா. நான் எங்க ஃபேஷன் டிசைன் பக்கம் போறது?"

இந்த டயலாக்கைச் சொல்லாத ஆள் நம்ம செட்ல இருக்க மாட்டாங்க. ஃபேஷன் டிசைன்னா ஒல்லியா ஒரு பொண்ணு படம், காத்துல பறக்குற துப்பட்டா, வாட்டர் கலர்ல நாலு தீற்றல்னு நினைச்சுக்கிட்டு ஒதுங்கிடறோம். அந்தப் படத்தை வெச்சு ஒரு டெய்லரால ஒரு சட்டைகூடத் தைக்க முடியாது பாஸ்! தைக்கிறதுக்குன்னு தனியா ஒரு படம் இருக்கு. அதை வரைய ஓவியரா இருக்க வேண்டியதில்லை. ஸ்கேலும் பொறுமையும் பழகின நம்ம இன்ஜினீயரிங் கைகளே போதும்.

அதுக்கான கருவிதான் வெக்டர் டிராயிங் சாஃப்ட்வேர். இந்த வாரம் அதுதான் மேட்டர்.

'இதுக்கும் நம்ம ஏரியாவுக்கும் என்ன சம்பந்தம்?'னு கேட்பீங்க. நிறைய இருக்கு. 1964-ல் ஆரம்பிச்ச அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுன்னா நமக்கு லேத்தும், ஆட்டோ பார்ட்ஸும்தான் ஞாபகம் வரும். அதே எஸ்டேட்லதான் ஏற்றுமதிக்கு ரெடிமேட் தைக்கிற யூனிட்டுகளும் இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு டிபன் கூடையோட வேகமா நடக்குற அக்காக்கள்ல பல பேர் தையல் லைன்ல உட்கார்ந்தவங்க. அடுத்து ஆவடி. அங்கே ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற ஓ.சி.எஃப். இருக்கு. நாம தினமும் அதே ரயில்ல காலேஜுக்குப் போயிட்டு, ஃபேஷன்னா பாரிஸ், மிலன்னு பேசிக்கிட்டு இருக்கோம்!

அளவு ஜாக்கெட் தெரியுமா?

அம்மா டெய்லர் கடைக்குப் போறப்போ கூடவே ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டு போவாங்க இல்ல? "அளவு இதேதான். கழுத்து மட்டும் ஒரு இன்ச் இறக்கம், கை முழங்கை வரைக்கும்." அவ்வளவுதான், டெய்லருக்குப் புரிஞ்சிடும். சந்தேகம் வந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாம்.

இப்போ இதையே பெருசா யோசிங்க. துணி வாங்குற கம்பெனி ஜெர்மனியில. தைக்கிற யூனிட் அம்பத்தூர்ல. பீஸ் 5,000. சாம்பிள் பீஸ் வரும் போகும், ஆனா மெஷின்ல உட்கார்ந்திருக்கிற அக்கா ஜெர்மனிக்கு போன் போட்டு, "காலர்ல ஒரு தையலா, ரெண்டு தையலா?"ன்னு கேட்க முடியாது. அந்த பதிலை எல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்கிற காகிதக் கட்டுக்கு 'டெக் பேக்'னு பேர். அளவுப் பட்டியல், துணி விவரம், பட்டன், லேபிள் எல்லாம் அதுல இருக்கும். அதோட முதல் பக்கத்துல, ஆளே இல்லாம, சட்டையைத் தரையில பரப்பி வெச்ச மாதிரி முன்பக்கமும் பின்பக்கமும் கோடுகளா வரைஞ்சிருக்கும். அதுக்குப் பேர் 'ஃப்ளாட் ஸ்கெட்ச்'. அளவு ஜாக்கெட் செய்யற வேலையைத்தான் அந்தக் கட்டும் செய்யுது.

ஃபர்ஸ்ட் இயர்ல நாம அழுதுக்கிட்டே வரைஞ்ச இன்ஜினீயரிங் டிராயிங்கும் இதே ஜாதிதான். லேத்ல நிக்கிறவருக்கு எழுதற லெட்டர் அது. தையல் மெஷின்ல உட்கார்ந்தவங்களுக்கு எழுதற லெட்டர் இது.

கார் கம்பெனி கொடுத்த வளைவு

போட்டோவைப் பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையும். ஏன்னா அது புள்ளிகளோட கூட்டம். வெக்டர் படம் அப்படி இல்லை. 'இங்கேயிருந்து அங்கே, இப்படி வளைஞ்சு ஒரு கோடு'ன்னு கணக்காவே கம்ப்யூட்டர்ல இருக்கும். விசிட்டிங் கார்டு அளவுல வரைஞ்சதை ஃப்ளெக்ஸ் பேனர் அளவுக்கு இழுத்தாலும் கோடு கத்தி மாதிரி நிற்கும்.

இந்த வளைவுக் கணக்கு வந்த இடம் எது தெரியுமா? கார் ஃபேக்டரி! பிரான்ஸ்ல சிட்ரோயன் கம்பெனியில இருந்த பால் டி காஸ்டல்ஜோ 1959-ல் இதைக் கண்டுபிடிச்சார். கம்பெனி அதை ரகசியமா பூட்டி வெச்சுக்கிச்சு. 1960-கள்ல ரெனோ கம்பெனி இன்ஜினீயர் பியர் பெசியே, கார் பாடியை வரையறதுக்காகத் தனியா இதே வளைவுக்கு வந்து சேர்ந்தார். அதை வெளியிலயும் சொன்னார். அதனால உலகம் அதை 'பெசியே வளைவு'ன்னே கூப்பிடுது. மெக்கானிக்கல் மக்களுக்கு சி.ஏ.டி. பேப்பர்ல இது வந்திருக்கும். நாலு புள்ளி, ஒரு முப்படிச் சமன்பாடு. 'இதெல்லாம் எங்கடா பயன்படப் போகுது?'ன்னு மனப்பாடம் பண்ணியிருப்போம். சுடிதார் கழுத்து வளைவுல பயன்படுது!

நாலு புள்ளியில ரெண்டு, கோட்டோட முனைகள். மத்த ரெண்டும் வளைவை இழுக்குற கைப்பிடிகள். இந்தக் கைப்பிடிகளைப் பிடிச்சு இழுக்குறதுதான் பேனா டூல். சும்மா கிளிக் பண்ணினா மூலை. கிளிக் பண்ணி இழுத்தா வளைவு. இவ்வளவுதான் அதோட முழு இலக்கணமும். வட்டத்தோட கால் பாகத்தை ரெண்டே புள்ளியில வரையலாம். கைப்பிடி நீளம் ஆரத்துல சுமார் 0.55 மடங்கு இருந்தா போதும், கண்ணுக்கு அசல் வட்டமாவே தெரியும். புதுசா கத்துக்கிறவங்க பத்துப் பதினஞ்சு புள்ளி வெச்சு வளைவைக் கரடுமுரடாக்கிடுவாங்க. புள்ளி குறைஞ்சா வளைவு அழகு. இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

எந்த சாஃப்ட்வேர்?

மூணு பேர் அடிக்கடி காதுல விழும்.

அடோபி இல்லஸ்ட்ரேட்டர்: 1987-ல் வந்தது. ஃபேஷன் கம்பெனிகள்ல இதைத்தான் அதிகம் கேட்கிறாங்க. சந்தா கட்டித்தான் பயன்படுத்தணும்.

கோரல் டிரா: 1989-ல் வந்தது. நம்ம ஊர் டி.டி.பி. கடைகளோட செல்லப் பிள்ளை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எந்தக் கடையிலயாவது பத்து நிமிஷம் நின்னு பாருங்க. மாப்பிள்ளை பேரைச் சுத்தி மவுஸாலயே மல்லிக் கொடியை வளைச்சு விடற அண்ணன், எந்த கோர்ஸும் போகாம வெக்டர் டிராயிங்ல டாக்டரேட் வாங்கினவர்!

இங்க்ஸ்கேப்: 2003-ல் வந்தது. முழுக்க இலவசம். திருட்டு காப்பி தேட வேண்டியதில்லை, வைரஸ் பயமும் இல்லை. பழைய லேப்டாப்லயும் ஓடும்.

என் ஓட்டு? இங்க்ஸ்கேப்ல ஆரம்பிங்க. பேனா டூல் மூணுலயும் ஒண்ணுதான். பட்டன் இருக்கிற இடம்தான் மாறும். ஸ்ப்ளெண்டர் ஓட்டக் கத்துக்கிட்டவன் பல்சர் ஓட்ட மாட்டானா? பல்லாயிரம் கட்டி கோர்ஸ்ல சேருறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வீட்டுலயே ஓட்டிப் பாருங்க. பிடிச்சிருந்தா அப்புறம் செலவு பண்ணலாம்.

வாங்க, ஒரு சட்டை வரைவோம்!

1. உங்க சட்டை ஒண்ணை எடுங்க. பட்டன் எல்லாம் போட்டு, சுருக்கம் இல்லாம தரையில பரப்புங்க. இன்ச் டேப்பால நாலு அளவு எடுங்க: கழுத்துப் பக்கம் தோள் உச்சியிலேர்ந்து அடி மடிப்பு வரைக்கும் உயரம், அக்குளுக்குக் கீழே குறுக்களவு, தோளுக்குத் தோள், கை நீளம்.

2. எல்லாத்தையும் பத்தால வகுத்துடுங்க. உயரம் 29 இன்ச்னா படத்துல 2.9 இன்ச். குறுக்களவு 21 இன்ச்னா 2.1. ஒன்றுக்குப் பத்து ஸ்கேல். இதுல நமக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

3. நடுவுல செங்குத்தா ஒரு கைடு லைன் போடுங்க. அதுக்கு ஒரு பக்கம் மட்டும் பாதிச் சட்டையை வரைங்க. கழுத்து முனை, தோள் முனை, அக்குள், அடி மூலை... இங்கெல்லாம் புள்ளி. தோள் முனைக்கும் அக்குளுக்கும் நடுவுல வேற புள்ளியே வேண்டாம். கைப்பிடியை இழுத்தே வளைவைக் கொண்டு வாங்க.

4. கன்ட்ரோல் டி அடிச்சா பிரதி வரும். எச் அடிச்சா அது கண்ணாடி மாதிரி திரும்பும். அப்படியே நகர்த்தி ஒட்டினா முழுச் சட்டை. ரெண்டு பக்கமும் இம்மி பிசகாம ஒரே மாதிரி. கையால வரையறவங்க பொறாமைப்படற இடம் இதுதான்.

5. பட்டன் பட்டி, பாக்கெட் ரெண்டையும் பிரதி எடுத்த பிறகு வரைங்க. ஏன்னா ஆம்பளைங்க சட்டையில இடது பக்கம் மேல வரும். பொம்பளைங்க சட்டையில வலது பக்கம் மேல வரும். பாக்கெட்டு பெரும்பாலும் போடுறவரோட இடது மார்புல மட்டும்தான். முன்னாடியே வரைஞ்சுட்டு திருப்பினா, ரெண்டு பட்டியும் ரெண்டு பாக்கெட்டுமா ஒரு விநோதச் சட்டை கிடைக்கும்.

6. கடைசியா கோட்டுத் தடிமன். வெளி விளிம்பு தடிமனா, துணி சேர்ற இடம் மெல்லிசா, மேலே தெரியற தையல் இன்னும் மெல்லிசா, புள்ளிக்கோடா.

இங்கேதான் நம்ம ஆளுங்க தடுமாறுவாங்க. இன்ஜினீயரிங் டிராயிங்ல விட்டு விட்டுப் போற கோடுன்னா 'கண்ணுக்குத் தெரியாத விளிம்பு'. ஃபேஷன் ஃப்ளாட்ல அதே கோடுன்னா 'கண்ணுக்குத் தெரியற தையல்'. நேர் எதிர்! இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டா உள்ளே மறைஞ்சிருக்கிற பாக்கெட் துணிக்கெல்லாம் மேலே தையல் விழுந்துடும்.

ஒரு கோட்டோட விலை

'ஒரு கோடுதானே, அதுல என்ன?'ன்னு தோணும். ஒரு கணக்குப் போடுவோம்.

பாக்கெட் ஓரத்துல ரெட்டைத் தையல் வேணும். படத்துல ஒத்தைக் கோடுதான் இருக்கு. 5,000 பீஸும் ஒத்தைத் தையலோட தைச்சாச்சு. செக்கிங்ல பிடிபடுது. பிரிக்கவோ, கூட ஒரு தையல் ஓட்டவோ பீஸுக்கு 4 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 20,000 நிமிஷம். அதாவது 333 மணி நேரம். ஒரு ஆளுக்கு எட்டு மணி நேரம்னா கிட்டத்தட்ட 42 நாள் வேலை. ஷிப்மென்ட் தேதி மட்டும் 42 நாள் தள்ளிப் போகாது. அப்போ இந்த 333 மணி நேரம் எங்கேயிருந்து வரும்? பட்டரவாக்கத்துல ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய அக்கா ஒன்பது மணி ரயிலைப் பிடிப்பாங்க. அவங்க பையன் ஹோம்வொர்க் அன்னிக்கு அப்படியே கிடக்கும். ஏ.சி. ரூம்ல கோடு போட்டவருக்கு இது தெரியவே தெரியாது.

அதனாலதான் சொல்றேன் ஃப்ரெண்ட்ஸ்... ஒரு ஃப்ளாட் ஸ்கெட்ச் அழகா இருக்கான்னு பார்க்கிறது ரெண்டாம்பட்சம். 'இதைப் பார்த்து, என்னைக் கேட்காம, ஒருத்தர் சரியாத் தைச்சுட முடியுமா?' இதுதான் முதல் கேள்வி. ஒரு கோடு போட்டா அது தையலா, மடிப்பா, பிரிண்டான்னு பக்கத்துல எழுதுங்க. தையல்னா விளிம்புலேர்ந்து எவ்வளவு தூரம், இன்ச்சுக்கு எத்தனை தையல்னு எழுதுங்க. தையல் வகைக்கே உலகம் முழுக்கப் பொதுவான நம்பர் இருக்கு. ஐ.எஸ்.ஓ. 4915-ன்னு ஒரு தரநிலை. அதுல 301-ன்னா சாதாரண தையல் மெஷின் போடற லாக் ஸ்டிட்ச். 504-ன்னா மூணு நூல் ஓவர்லாக். ஜெர்மனிக்காரர் 301-ன்னு எழுதினா அம்பத்தூர் மாஸ்டருக்குப் புரியும். மொழியே தேவையில்லை.

ஆவடியில ஒரு பாடம்

ஆவடி ஓ.சி.எஃப். 1961-ல் ஆரம்பிச்சது. 2021 அக்டோபர் 1-லேர்ந்து ட்ரூப் கம்ஃபோர்ட்ஸ் லிமிடெட்ங்கற மத்திய அரசு நிறுவனத்தோட கீழே இருக்கு. 2020-ல் கொரோனா வந்தப்போ இங்கே முழு உடல் பாதுகாப்பு உடைகளும் தைச்சாங்க. சீருடைங்கற சொல்லுக்கு அர்த்தமே எல்லாம் ஒரே சீரா இருக்கணும்கறதுதான். ஒருத்தர் தைச்சதும் இன்னொருத்தர் தைச்சதும் வேற வேறயா இருந்தா அது சீருடையே இல்லை. எல்லார் கையும் ஒரே மாதிரி ஓடணும்னா எல்லார் கண்ணு முன்னாடியும் ஒரே படமும், ஒரே அளவும் இருக்கணும்.

வரைபடத்துக்கு இன்னொரு பலமும் இருக்கு. 2022 ஜனவரி 15, ராணுவ தின அணிவகுப்புல நம்ம ராணுவம் புதுப் போர்ச் சீருடையை அறிமுகப்படுத்திச்சு. அதை வடிவமைக்க நிஃப்ட் உதவிச்சு. அதே வருஷம் நவம்பர்ல, அந்த உடையோட டிசைனையும், அதுல இருக்கிற உருமறைப்புக் கட்டங்களோட டிசைனையும் சட்டப்படி பதிவு பண்ணிட்டதா ராணுவம் அறிவிச்சது. 2000-ம் வருஷத்து டிசைன் சட்டப்படி முதல்ல 10 வருஷம், நீட்டிச்சா இன்னும் 5 வருஷம் பாதுகாப்பு. பதிவுக்குக் கொடுக்கிறது என்ன? படங்கள்தான்! நாளைக்கு நீங்க ஒரு புது பேக் டிசைன் பண்ணினாலும் இதே கதவு உங்களுக்கும் திறந்திருக்கு. ஆனா ஒண்ணு, ஊருக்கெல்லாம் காட்டறதுக்கு முன்னாடியே பதிவுக்குக் கொடுத்துடணும். வெளியான டிசைன் புதுசுன்னு கணக்குல வராது.

பக்கத்து வீட்டு ஆரி அக்கா

வேலை கிடைக்கிற வரைக்கும் இது சும்மா பொழுதுபோக்கான்னு கேட்காதீங்க. நம்ம தெருவுக்கு ஒருத்தராவது ஆரி ஒர்க் பண்றாங்க. ஜாக்கெட் கழுத்து டிசைனை பட்டர் பேப்பர்ல வரைஞ்சு, ஊசியால ஓட்டை போட்டு, பொடியைக் கரைச்சுத் தடவி துணியில இறக்குவாங்க. கஸ்டமருக்குக் கழுத்து அளவு மாறினா? மறுபடி முதல்லேர்ந்து வரையணும்.

அங்கே நீங்க போங்க. கழுத்து வளைவை வெக்டர்ல போட்டு, ஒரே ஒரு மாங்காயை மட்டும் வரைங்க. இங்க்ஸ்கேப்ல 'பேட்டர்ன் அலாங் பாத்'னு ஒரு வசதி இருக்கு. அந்த மாங்காயை வளைவு நெடுக வரிசையா அடுக்கிடும். கழுத்து பெருசானா வளைவை மட்டும் மாத்துங்க. மொத்தப் படத்தையும் இழுத்துப் பெருசாக்காதீங்க, மாங்காயும் பெருசாகி பாசி மணி கணக்கு தப்பிடும். ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல பிரின்ட் எடுத்துக் கொடுங்க. அவங்க ஒரு மணி நேர வேலை மிச்சம். பதிலுக்கு ஒண்ணு கேளுங்க, "அக்கா, ரெண்டு வாரம் எனக்குத் தையல் சொல்லிக் கொடுங்க."

அது ரொம்ப முக்கியம். சாஃப்ட்வேர் எல்லாக் கோட்டையும் ஒத்துக்கும். துணி ஒத்துக்காது. காலர் முனையை எவ்வளவு கூராகவும் திரையில வரையலாம். ரெண்டு துணியை வெச்சுத் தைச்சுத் திருப்பிப் பாருங்க, உள்ளே மாட்டிக்கிட்ட துணி அந்த முனையை மொட்டையாக்கும். ஒரு நாள் மெஷின்ல உட்கார்ந்தவங்க வரையற கோடே வேற மாதிரி இருக்கும்.

அடுத்த படி என்ன?

ஃப்ளாட் ஸ்கெட்ச் வேற, துணி வெட்டற பேட்டர்ன் வேற. குழப்பிக்காதீங்க. பேட்டர்னுக்கு கெர்பர், லெக்ட்ரா, டுகா மாதிரி தனி சாஃப்ட்வேர்கள் இருக்கு. இலவசமா வேணும்னா சீம்லி 2டி. இந்த உலகத்துலயும் நமக்குத் தெரிஞ்ச டி.எக்ஸ்.எஃப். ஃபைல்தான் ஓடுது. சொந்த ஊர் மாதிரியே இருக்கும்!

பி.இ., பி.டெக். முடிச்சவங்க எந்தப் பிரிவா இருந்தாலும் நிஃப்ட்ல மாஸ்டர் ஆஃப் ஃபேஷன் டெக்னாலஜிக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். நம்ம சென்னை நிஃப்ட் தரமணியில 1995-லேர்ந்து இருக்கு. மேல படிக்க வேண்டாம்னா, டெக் பேக் தயாரிக்கவும், பையருக்கும் யூனிட்டுக்கும் நடுவுல நிக்கவும் மெர்ச்சண்டைசிங் டீம்ல ஆள் தேவைப்படும். இன்டர்வியூவுக்கு சர்டிஃபிகேட்டோட சேர்த்து நாலு நல்ல டெக் பேக்கைக் கொண்டு போங்க. பேச்சே மாறும்.

ஒரு மாச பிளான் இதோ: முதல் வாரம் பேனா டூல் மட்டும். உங்க பேரோட முதல் எழுத்தை அச்சு மாதிரி வளைச்சு வளைச்சுப் பழகுங்க. தமிழ் எழுத்துதான் பெஸ்ட். 'இ'யும் 'ஞ'வும் வந்துட்டா எந்தக் கழுத்து வளைவும் வரும். ரெண்டாவது வாரம் டி-ஷர்ட். மூணாவது வாரம் சட்டை. நாலாவது வாரம் பின்பக்கம், அளவு, தையல் குறிப்பு எல்லாம் சேர்த்து ஒரு பக்கமா முடிங்க.

முடிச்சதும் ஃபேஸ்புக், இன்ஸ்டான்னு ஓடாதீங்க. பிரின்ட் எடுத்து உங்க தெரு டெய்லர் கையில கொடுங்க. வாயைத் திறக்காதீங்க. அவர் உங்களை எத்தனை கேள்வி கேட்கிறாரோ, உங்க படத்துல அத்தனை கோடு பாக்கி இருக்குன்னு அர்த்தம். கேள்வியே கேட்காம அவர் கத்தரியை எடுத்துட்டாரா? நீங்க பாஸ், பாஸ்!

அடுத்த வாரம் இன்னொரு மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும்... வளைவுகளைப் பத்திரமா பார்த்துக்கோங்க!